காதுக்குள்ள மாவு மில்லு

வா மாப்ள, உக்காரு. தூணுக்கு அந்தப் பக்கம் வேண்டாம், இந்தப் பக்கமா உக்காரு. ஏன்னு பொறவு சொல்லுதேன்.

உங்க அம்மா போன வாரமே போன் பண்ணிட்டா. "அண்ணே, பய ராத்திரி பூரா தூங்க மாட்டேங்கான், சுவத்துல காதை வச்சுக்கிட்டு நிக்கான், யாருகிட்டயாவது ஒரு கயிறு மந்திரிச்சு வாங்கி வையி"ன்னு ஒரே அழுகை. சுவத்துல காதை வைக்குதவன் பக்கத்து வீட்டு மாமியா மருமக சண்டையைக் கேக்குதவனாத்தான் இருப்பான், அதுக்கு எதுக்குத்தா கயிறுன்னேன். பொறவுதான் வெவரம் சொன்னா. யாருக்கும் கேக்காத சத்தம் உனக்கு மட்டும் கேக்குதாம். நம்ம வம்சத்துல கேக்க வேண்டிய சத்தமே எவனுக்கும் கேக்காது. பொண்டாட்டி கூப்பிட்டா மூணாவது கூப்பாட்டுக்குத்தான் திரும்புவோம். அப்படியாப்பட்ட குடும்பத்துல பொறந்து உனக்கு இப்படி ஒரு கீர்த்தி!

எப்படிக் கேக்குன்னு சொல்லு. தெருமுனையில ஒரு லாரி இன்ஜினை அணைக்காம நிக்குத மாதிரி. ம். ராத்திரி ஊரு அடங்குன பொறவு. வீட்டுக்குள்ள கூடுதலு, வெளிய வந்தா கொறைச்சலு. சன்னலை அடைச்சா இன்னும் கூடுதலு. ம், ம். சுத்தமா ஒத்துப்போகுது. இந்தச் சீக்குக்காரங்க எந்தத் தேசத்துல இருந்தாலும் இதே லாரியைத்தான் சொல்லுதாங்களாம்.

கீச்சுன்னு சில்வண்டு மாதிரி கேக்குதவன் ஒருவகையில பொழைச்சான் மாப்ள. நாலாவது மாடியில சில்வண்டு ஏதுன்னு யோசிச்சு, காதுலதான் கோளாறுன்னு ரெண்டு நாள்ல கண்டுக்கிடுவான். ம்ம்ம்னு அடிச்சுருதியில கேக்குதவன் பாடுதான் திண்டாட்டம். மோட்டாரு, இன்வெர்ட்டரு, லிப்டு எல்லாம் அதே சுருதியில பாடுது. திருடன் போலீஸ் சட்டையை மாட்டிக்கிட்டு போலீஸ் கூட்டத்துக்குள்ள நிக்கான், எவனைப் பிடிப்ப?

சன்னலை அடைச்சா சத்தம் கூடுதுன்னு பயந்துபோனியாமே. அதுல பேயும் இல்ல பிசாசும் இல்ல. சன்னலும் சுவரும் தடுக்குதது மேல்சத்தத்தை. ஆரனு, நாய்க்கொரைப்பு, எதுத்த வீட்டு டிவி, இதையெல்லாம் நிறுத்தும். கீழ்ச்சத்தம் சுவத்தைச் சட்டை பண்ணாது. வினாடிக்கு 50 தடவை ஆடுத சத்தத்துக்கு அலை ஒண்ணே கிட்டத்தட்ட 7 மீட்டர் நீளம் வருமாம். நீ மாசத்தவணை கட்டுத ஹாலை விட அது பெருசு. அது சுவத்துல மோதித் திரும்பி வந்து ஒரு மூலையில குவியும், நடுவீட்டுல ஒண்ணும் இருக்காது. அதனாலதான் கட்டிலை நகத்திப் போட்டதும் சத்தம் ஒழிஞ்சுதுன்னு ஒருநாள் சந்தோசப்பட்டுருப்ப. அப்ப வெளியில இருந்து வருத சத்தமான்னு கேக்காத. சந்தைக்கூட்டம் கலைஞ்சா மூலையில முனகுத கிழவன் சத்தமும் தெளிவாத்தான் கேக்கும். மத்த சத்தத்தை அடைச்சா உள்ள இருக்குதது பெருசாத் தெரியும். அடைச்ச சன்னலு ரெண்டு பக்கமும் சாட்சி சொல்லும்.

உன் துப்பறியும் வேலையையும் கேள்விப்பட்டேன். மொதல்ல பிரிட்ஜைப் பிடிச்சு உள்ள போட்ட. அது ஒரு ராத்திரி அணைஞ்சு கெடந்ததுல மீன்கொழம்பு கெட்டதுதான் மிச்சம். அடுத்து தண்ணி சுத்தம் பண்ணுத மிசினு, அதுக்கடுத்து மொட்டமாடி செல்போன் டவரு. கடைசியா மேல் வீட்டு ஏசி. ராத்திரி 2 மணிக்குப் போயி கதவைத் தட்டி, "சார், உங்க ஏசியைப் பத்து நிமிசம் நிறுத்துங்க, நான் கேக்கணும்"னிருக்க. நல்ல மனுசன், நிறுத்துனாரு. சத்தம் நின்னுதா? நிக்கல. இப்ப உன்னை லிப்டுக்குள்ள பாத்தா அவரு படியில எறங்கிப் போறாராம். போறது நல்லதுதான், முட்டிக்குப் பயிற்சி.

போன்ல ஒரு ஆப்பை வச்சுச் சத்தத்தை அளந்தேங்க. போன்ல இருக்க மைக்கு மனுசப்பேச்சைப் பிடிக்கச் செஞ்சது. அடியில கெடக்குத உறுமலு அதுக்கு ஒழுங்காப் பிடிபடாது. தராசுல காத்தை நிறுத்துப்புட்டுக் காத்தே இல்லைன்னு சொல்லுத கதை.

ஆனா உன்னைப் பைத்தியம்னு சொல்ல மாட்டேன். என் மூத்தவன் கனடாவுல இருக்கான்லா, அவன் விண்ட்சர்னு ஒரு ஊரைப் பத்திச் சொன்னான். ஆத்துக்கு இக்கரை கனடா, அக்கரை அமெரிக்காவோட டெட்ராய்ட்டு. 2011-ல இருந்து இக்கரைக்காரங்களுக்கு உறுமலு. ஆளாளுக்கு உங்க காதைப் பாருங்கன்னு சிரிச்சாங்க. பொறவு கனடா சர்க்காரு பணம் கொடுத்து, பல்கலைக்கழகத்துக்காரங்க கருவி வச்சுப் பாத்து 2014-ல சொன்னாங்க: உறுமலு மெய்தான், அக்கரையில ஸக் தீவு உருக்காலைப் பக்கம் இருந்து வருத மாதிரித்தான் தெரியுது. சொல்லி என்ன? ஆறு நடுவுல ஓடுது, அடுத்த தேசம், யாரு யாரைக் கேக்க? 2020-ல அங்க ஊதுலையை அணைச்சாங்க. உறுமலும் போச்சு. ஒம்பது வருசம் கேலி பேசுனவன் ஒருத்தனாவது வந்து மன்னிப்புக் கேட்டிருப்பான்கியா?

இதை விட ருசியான கதை ஒண்ணு இருக்கு. கலிபோர்னியாவுல சாசலிட்டோன்னு ஊரு. தண்ணி மேல படகுலயே வீடு கட்டிக் குடியிருக்காங்க, காசுக்காரங்க. 1980-கள்ல அவங்களுக்கு ராத்திரியானா ம்ம்ம்னு தூங்க விடாத ஒரு சத்தம். சாக்கடை பம்பா, பட்டாளத்துக்காரன் ரகசியக் கருவியான்னு ஆளுக்கொரு காரணம். கடைசியில யாருன்னு நெனைக்க? மீனு மாப்ள, மீனு! மிட்ஷிப்மேன்னு ஒரு சாதி மீனு. ஆம்பளை மீனு கல்லுக்கடியில வீட்டைக் கட்டிப்புட்டு, வயித்துக்குள்ள இருக்க காத்துப்பையை ஆட்டி ஆட்டி, மணிக்கணக்குல ஒரே சுருதியில முனகுமாம். எதுக்கு? பொட்ட மீனு வரணும். கீழ ஒருத்தன் கல்யாணத்துக்காக ராப்பூரா பாடுதான், மேல ஒருத்தன் கல்யாணம் முடிஞ்சு தூங்க முடியாமக் கெடக்கான். அந்த மீனு பாடுத சுருதி வினாடிக்கு 100 பக்கம். நம்ம கண்மாய்க்கரை டிரான்ஸ்பார்மரும் அதே 100-தான்! கரண்டு 50 தடவை அலையுது. ஒவ்வொரு அலைக்கும் உள்ள இருக்க இரும்பு ரெண்டு தடவை நீண்டு சுருங்குது. அந்த மீனை இங்க கொண்டாந்து விட்டா டிரான்ஸ்பார்மருக்குச் சம்பந்தம் பேசிரும்.

ஆனா நீ மனசுல வைக்க வேண்டியது மூணாவது ஊரு. அமெரிக்காவுல இண்டியானா மாகாணத்துல கோகோமோ. அங்கயும் உறுமலு. ஊரு நிருவாகமே பணம் கொடுத்து ஒலி நிபுணர்களைக் கூப்பிட்டுச்சு. அவங்க 2003-ல ரெண்டு திருடனைக் கையும் களவுமாப் பிடிச்சாங்க. ஒண்ணு, வார்ப்படத் தொழிற்சாலையில குளிர்விக்குத கோபுரத்து விசிறி, வினாடிக்கு 36. இன்னொண்ணு வேறொரு ஆலையில கம்ப்ரசர், வினாடிக்கு 10. ரெண்டையும் சரிபண்ணி அடக்கிட்டாங்க. ஊரே கைதட்டுச்சு. கொஞ்சப் பேரு மட்டும் கைதட்டல. ஏன்னா அவங்களுக்கு இன்னமும் கேட்டுக்கிட்டேதான் இருந்துது.

திருடன் ரெண்டு எடத்துலயும் இருக்கலாம் மாப்ள. ஒருத்தன் வெளிய, ஒருத்தன் உள்ள. வெளிய ஒருத்தனைப் பிடிச்சிட்டா உள்ள இல்லைன்னு ஆயிராது.

உள்ளயா வெளியயான்னு பாக்க நீ என்ன செஞ்ச? ரெண்டு காதுலயும் வெரலை விட்டுப் பாத்தேங்க. விட்டதும் குடுகுடுன்னு கூடுச்சு, அய்யய்யோ என் காதுதான்னு முடிவுகட்டிட்ட. அடப்பாவி, அது உன் கைச்சதை ஆடுத சத்தம்! இங்கிலாந்துல வொல்லாஸ்டன்னு ஒருத்தரு 1810-லயே அதைச் சொல்லி வச்சிருக்காரு. தசை இறுகி நிக்கும்போது உள்ளுக்குள்ள வினாடிக்கு 20, 30 தடவை துடிக்கும், கேட்டா லண்டன் தெருவுல தூரத்துல வண்டி போற மாதிரி இருக்கும்னு. உன் வெரலு உன் காதுக்குள்ள வண்டி ஓட்டுது, நீ மேல் வீட்டுக்காரனைத் திட்டுத. வெரலு வேண்டாம். மருந்துக்கடையில நுரையில செஞ்ச காதடைப்பான் விக்கும், அதை வச்சுப் பாரு. அதுவும் கீழ்ச்சத்தத்தைப் பூராத் தடுக்காது. வச்சதும் கொறைஞ்சா வெளிச்சத்தம். கூடுனா உன் சொத்துன்னு சந்தேகப்படு. சந்தேகம்தான், தீர்ப்பு இல்ல.

தீர்ப்பு வேணும்னா ரெண்டு வழி. ஒண்ணு கரண்டு கட்டு. எல்லாரும் திட்டுத கரண்டு கட்டை ஒரு டாக்டரா நெனைச்சு வரவேற்குத ஒரே ஆளு உன்னைப் போல ஆளுதான். ஆனா உன் வீட்டு இன்வெர்ட்டரையும் அணைச்சிரு; இல்லைன்னா கரண்டு போனதும் அது பாட ஆரம்பிச்சிரும். இன்னொண்ணு நடை. ராத்திரி ஊரைத் தாண்டி, கண்மாய்க்கரை தாண்டி, டிரான்ஸ்பார்மரு, பம்புசெட்டு ஒண்ணும் இல்லாத கரிசக்காட்டுக்கு மூணு கிலோமீட்டர் நடந்து போயி, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நில்லு. லாரி அங்கயும் வந்து நின்னுதுன்னா அது உன் லாரி. ஆர்.சி. புக்கு உன் பேருலதான். ஒரு எடத்துக்கு மூணு எடம் பாரு. நாய்க்கு ஒரு கம்பு கொண்டுபோ.

இதெல்லாம் இந்தக் கிழவனுக்கு எப்படித் தெரியும்னு பாக்கியா? தூணுக்கு இந்தப் பக்கம் உக்காரச் சொன்னேன்லா. 17 வருசமா என் இடது காதுல மாவு மில்லு ஓடுது மாப்ள. வாடகையும் கெடையாது, மாவும் கெடையாது.

அன்னைக்குக் கோழி கூவ முழிச்சேன். இடது காதுல பஞ்சை வச்சுத் திணிச்ச மாதிரி அடைப்பு. உள்ள கடகடன்னு உறுமலு. காலைக் கீழ வச்சா வீடு சுத்துது. தட்டுத்தடுமாறி வெளிய வந்து, வாந்தி எடுத்து, வேப்பமரத்தைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நின்னேன். விடியக்காலையில மரத்தைக் கட்டிப்பிடிச்சு நிக்குத மனுசனை ஊரு என்ன சொல்லும்? அன்னைக்கு வரைக்கும் கள்ளுவாசம் அறியாதவன், அன்னையில இருந்து குடிகாரன். உங்க அத்தையே என் வாயை மோந்து பாத்தா. வாசம் இல்லைன்னதும், "வாசம் இல்லாத சாராயமா"ன்னு கேட்டா.

பித்தம்னான் ஒருத்தன், வாயுன்னான் ஒருத்தன். கண்மாய்க்கரை முனி அடிச்சிருக்குன்னா மேலத்தெருக் கிழவி. என் சம்பந்தி பூண்டு தட்டிப்போட்டு நல்லெண்ணெயைக் காய்ச்சிக் கரண்டியோட ஓடியாந்தாரு, காதுல ஊத்துனா சத்தம் செத்துருமாம். சத்தம் சாகல, காது வெந்துது. செவிப்பறையில ஓட்டை இருந்து எண்ணெய் உள்ள போயிருந்தா இருக்குத காதும் போயிருக்கும்னு டவுனு டாக்டரு என்னைத் திட்டுனாரு. ஊத்துனது சம்பந்தி, திட்டு எனக்கு. அவரு மகளைப் பெத்தவரு, நான் எப்படித் திருப்பித் திட்ட?

டவுனு டாக்டரு காதுக்குள்ள விளக்கடிச்சுப் பாத்தாரு. இசைக்கவட்டைத் தட்டி நெத்தியில வச்சாரு. ஒரு கண்ணாடி அறைக்குள்ள உக்கார வச்சு, வினாடிக்கு 250 தடவையில இருந்து 8,000 தடவை வரைக்கும் ஆடுத சத்தம் விட்டு, கேட்டா பொத்தானை அமுக்கச் சொன்னாங்க. நான் மில்லுல கெடந்தவன், தறிச்சத்தத்துல போன காதுன்னு நானே முடிவு சொன்னேன். அவரு சிரிச்சாரு. "அய்யா, மில்லுச் சத்தம் தின்னுதது மேல்சுருதியை, 4,000 பக்கம். அதுல வந்தா கீச்சுன்னு கேக்கும். உங்களுக்குப் போயிருக்கது அடிச்சுருதி, அதுவும் ஒத்தக் காதுல. தலைசுத்து வேற. இது மெனியர் நோய்"னாரு. முனியான்னு கேட்டேன். இல்ல, மெனியர்னாரு. மேலத்தெருக் கிழவி சொன்னதுக்கும் உங்களுக்கும் ஒரு எழுத்துதானே வித்தியாசம், அவ பத்து ரூவாதான் வாங்குனான்னேன்.

மெனியர்னா பாரீசுல இருந்த டாக்டரு. அவரு காலத்துல இப்படித் தலைசுத்தி விழுந்தா மூளையில ரத்தம் ஏறிருச்சுன்னு ரத்தத்தை வடிச்சு விடுவாங்களாம். மூளை இல்லய்யா, உள்காதுன்னு 1861-ல அவருதான் சொன்னாரு. எவனும் காதுல போட்டுக்கிடல. மறுவருசமே மனுசன் செத்துப்போனாரு. பொறவுதான் பேரு வச்சாங்க. உசுரோட இருக்கும்போது நல்லது சொன்னா எந்த ஊருலயும் இதான் மரியாதை.

உள்காதுல இருக்க நீரு கூடிப்போகுதாம். உப்பைக் கொறைன்னுட்டாரு. கருவாடு, ஊறுகா, அப்பளம், மோர்மொளகா, எல்லாத்துக்கும் ஒரே நாள்ல விடைகொடுத்தேன். காது போனதுக்கு நான் அழல. நெத்திலிக் கருவாட்டுக்கு அழுதேன்.

உனக்கும் இதுதான்னு சொல்லல, பயப்படாத. தலைசுத்து இருக்கா? ஒரு நாள் காது அடைச்சு மறுநாள் தெறக்குதா? இல்லைன்னா சரி. ஆனா மேல் வீட்டுக் கதவைத் தட்டுத முன்னாடி காது மூக்கு தொண்டை டாக்டரு கதவைத் தட்டிரு. வெறும் காதழுக்கா இருக்கலாம், ஊருல பாதிப்பேருக்கு அதான் புதையலு. அங்கவடின்னு காதுக்குள்ள ஒரு எலும்பு, 3 மில்லிமீட்டரு, ஒடம்புலயே சின்ன எலும்பு. அது இறுகிப்போனாலும் அடிச்சுருதியில கேக்கும், அதுக்கு ஆபரேசன் இருக்கு. மூட்டுவலிக்கு ஆஸ்பிரினை அள்ளித் தின்னாலும், மலேரியாவுக்குக் கொய்னா சாப்பிட்டாலும் காது பாடும், மாத்திரைச் சீட்டையும் கையோட கொண்டுபோ. ஆனா ரெண்டு விசயத்துல வெளையாடாத. சத்தம் நாடித்துடிப்போட சேந்து தும் தும்னு அடிச்சா ரத்தக்குழாயைப் பாக்கணும். ஒரு காது திடீர்னு கேக்காமப் போச்சுன்னா அன்னைக்கே ஓடணும். நாளைக்கு, அடுத்த வாரம்னு தள்ளுனா மருந்துக்கு வேலை இருக்காது.

எல்லாம் பாத்து ஒண்ணுமே இல்லைன்னு வந்தா? அதுதான் உனக்குக் கஷ்டம், தெரியும். ஒண்ணும் இல்லைன்னு டாக்டரு சொன்னா ஊருல எல்லாரும் சாமிக்குத் தேங்கா உடைப்பாங்க. உன்னைப் போல படிச்ச பய அடுத்த டாக்டரைத் தேடுவான். என் டாக்டரு சொன்னாரு: 1953-ல ஹெல்லர், பெர்க்மன்னு ரெண்டு பேரு, காது நல்லாக் கேக்குத 80 பேரை ஒவ்வொருத்தராச் சத்தமே நுழையாத அறைக்குள்ள உக்கார வச்சு, என்ன கேக்குன்னு எழுதச் சொன்னாங்களாம். 94 சதவீதம் பேரு ஏதோ ஒரு சத்தம் கேக்குன்னு எழுதிக் கொடுத்தாங்க. எல்லார் வீட்டுலயும் கரப்பான் இருக்கு மாப்ள. ராத்திரி 2 மணிக்கு டார்ச்சு அடிச்சுப் பாக்குதவனுக்குத்தான் தெரியும்.

நீ தேடத் தேட அது வளரும். காது கொடுக்குத சத்தம் கொறைஞ்சா, மூளை சும்மா இருக்காம வால்யூமைத் திருகி வைக்குமாம். இதுல நீ வேற கேக்குதா, கேக்குதான்னு நிமிசத்துக்கொரு தடவை போயி எட்டிப் பாக்க. தெருநாய்க்குத் தெனம் பிஸ்கோத்துப் போட்டுட்டு, நாயி வாசலை விட்டுப் போக மாட்டேங்குன்னு புகாரு கொடுக்குத மாதிரி. நான் மில்லுல ராச்சிப்டு பாத்த காலத்துல அத்தனை மிசினு ஓடும்போது மூட்டை மேல சாஞ்சு தூங்குவோம். மிசினு நின்னாத்தான் முழிப்பு வரும். மனுசனுக்கு அந்தச் சாமர்த்தியம் உண்டு, கொஞ்ச நாளாகும்.

இந்தச் சத்தத்தையே கொல்லுதேன்னு மாத்திரை விக்குதவன், காந்தம் விக்குதவன், கிங்கோ இலை விக்குதவன் எவன்கிட்டயும் காசைக் கொடுக்காத. அப்படி ஒரு மாத்திரை இன்னும் வரல. வந்தா எனக்குத்தான் மொத டப்பா. காதுல கேள்வி கொறைஞ்சிருந்தா காதுமிசினு வச்சா, வெளிச்சத்தம் வந்து உள்சத்தத்தை அமுக்கும். தூக்கமும் நிம்மதியும் போயிருந்தா, மனசைப் பழக்குத பயிற்சி சொல்லித் தருத ஆளுக இருக்காங்க. அதுக்குப் போறதுக்கு வெக்கப்படாத, மத்த எல்லாத்தையும் விட அதுலதான் பலன் இருக்குன்னு டாக்டர்மாரே சொல்லுதாங்க. என் வைத்தியம் பழைய டேபிள் பேனு. கடகடன்னு ஓடும். அது பாட, காது பாட, நடுவுல உங்க அத்தை பாட, மூணு கச்சேரிக்கு நடுவுல நான் தூங்கிருவேன்.

இப்ப சாப்பிட்டுட்டு மொட்டமாடியில போயிப் படு. ஒம்பது மணிக்குக் கரண்டு போகும், பத்துக்குத்தான் வரும். நம்ம வீட்டுல இன்வெர்ட்டரு கெடையாது. நல்லாக் கேட்டுப்புட்டுக் காலையில சொல்லு. கேட்டுதுன்னா, வியாழக்கெழமை டவுனுக்கு என் டாக்டரு வாராரு, நம்ம ரெண்டு பேருமாப் போவோம். கேக்கலைன்னா, ஊருக்குத் திரும்புன உடனே உங்க பிளாட்டுல லிப்டு மோட்டாருக்கும் தண்ணி மோட்டாருக்கும் அடியில ரப்பர் கட்டை இருக்கா, நைஞ்சு போச்சான்னு பாக்கச் சொல்லு. மேல் வீட்டுக்காரருக்கு அரைக்கிலோ கருப்பட்டி மிட்டாயி வாங்கிட்டுப் போ.

காலையில சொல்ல வரும்போது என் வலது பக்கமா வா. இடது பக்கம் வேலை நடந்துக்கிட்டிருக்கு.